குமிழ் சுற்றுகிறதா?

கழுவி எடுத்த நெகட்டிவைக் கடைக்காரர் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒன்றுமே இல்லை. ஒரு முகம் இல்லை, ஒரு பல்லக்கு இல்லை, ஒரு குடையின் விளிம்புகூட இல்லை. "மருந்தில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. சுருளின் ஓரத்தைக் கட்டைவிரலால் காட்டினார். அங்கே பிலிமின் பெயரும் 1, 2, 3 என்ற எண்களும் கறுப்பாக, தெளிவாகத் தெரிந்தன.

"மருந்து கெட்டிருந்தால் இந்த எழுத்தும் வந்திருக்காது அம்மா. இது தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்தது. இது வந்திருக்கிறது, படம் வரவில்லை. உங்கள் கேமராவுக்குள் பிலிம் நகரவே இல்லை."

அன்று அவர் சொன்னதை இன்றுவரை அளவுகோலாக வைத்திருக்கிறேன். ஓர எழுத்து இருந்து படம் இல்லை என்றால் ஒளி படவில்லை. ஓர எழுத்தும் இல்லை என்றால் கழுவியதில் பிழை. முழுச் சுருளும் கறுத்துப் போயிருந்தால் வெளிச்சம் புகுந்திருக்கிறது. வெற்றுச் சுருள் கைக்கு வந்தால், யாரிடமும் கோபப்படும் முன் அதன் ஓரத்தைப் பாருங்கள்.

அந்தச் சுருளில் இருந்திருக்க வேண்டியது மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழா. கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள். மண்டைவெளியில் பிறந்து வளர்ந்த என் அம்மா, முழங்கால் வலி வந்த பிறகு நான்கைந்து ஆண்டுகளாக அந்தக் கூட்டத்துக்குள் போகவில்லை. அந்த ஆண்டு பிடிவாதமாக வந்தார். மாட வீதியில் நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பந்தலின் ஓரம் அவருக்கு நாற்காலி கிடைத்தது. நாயன்மார்களின் பல்லக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது அம்மா எழுந்து நின்று கைகூப்பினார். பிற்பகல் வெயில் பக்கவாட்டில் அவர் முகத்தில் விழுந்தது. நான் மூன்று முறை ஷட்டரை அழுத்தினேன். மூன்றிலும் நல்ல படம் கிடைத்துவிட்டது என்று உறுதியாக நம்பினேன்.

கேமரா என் சித்தப்பாவுடையது. சோவியத் நாட்டின் சோர்க்கி 4. துறைமுகத்தில் எழுத்தராக இருந்த அவர் 1970களில் பர்மா பஜாரில் வாங்கியது. அவர் காலத்தில் ஊட்டியில், 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம் கிடைத்தது. அதில்தான் எங்கள் வீட்டுக் கல்யாணங்களை எல்லாம் எடுத்தார். அவர் மறைந்த பிறகு சித்தி அதைப் பீரோவிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தபோது தோல் உறையில் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. எப்படி இயக்குவது என்று சொல்லித்தர அவர் இல்லை.

இந்தக் கேமராவுக்கு மின்கலம் கிடையாது. எல்லாமே பல்சக்கரமும் சுருள்வில்லும் துணித்திரையும்தான். அதனால்தான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: உள்ளே பிலிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். படத்தை நகர்த்தும் குமிழைத் திருகினால் திருகும். ஷட்டர் அதே ஓசையுடன் அடிக்கும். படக்கணக்கு காட்டும் வட்டும் ஒவ்வொன்றாக நகரும். அந்த வட்டு எண்ணுவது குமிழின் சுற்றுகளை. பிலிம் நகர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. அன்று என் கணக்கு 36ஐத் தாண்டி 40 வரை போனது. பிலிம் முடிந்துவிட்டால் குமிழ் இறுகி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. திரும்பச் சுற்றியபோதும் ஐந்தாறு சுற்றுக்குள் கை தளர்ந்துவிட்டது. 36 படச் சுருள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளமானது. அதைத் திரும்பச் சுற்ற இருபது சுற்றுக்கும் மேல் வேண்டும். இரண்டு இடங்களில் கேமரா எனக்குச் செய்தி சொல்லியிருக்கிறது. இரண்டையும் கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கடைக்காரர் எனக்கு ஒரு முகவரி கொடுத்தார். திருவல்லிக்கேணியில், பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தின் மாடிப்படிக்குக் கீழே கேமரா பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை பாய் என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். கேமராவைத் திறந்து ஷட்டரின் துணித்திரையை விளக்கொளியில் பார்த்துவிட்டு, "இதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் போட்டதுதான் சரியில்லை. எப்படிப் போட்டீர்கள், காட்டுங்கள்" என்றார். பையிலிருந்த வெற்றுச் சுருளைக் காட்டினேன். "வெட்டாமல் வாங்கி வந்தீர்களா? நல்லதாகப் போயிற்று" என்று சொல்லி, அதையே திறந்து மூடக்கூடிய ஒரு பழைய உருளையில் சுற்றி, முனையை நாக்குபோல வெட்டிக் கொடுத்தார். அம்மாவின் படம் இருந்திருக்க வேண்டிய அந்தச் சுருள்தான் எனக்குப் பயிற்சிச் சுருள் ஆயிற்று. இன்றும் என்னிடம் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

பாய் சொல்லித்தந்ததை அவர் சொன்ன வரிசையில் எழுதுகிறேன். சோர்க்கி 4க்கு ஏற்றது இது. லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்த்துப் படமெடுக்கும் இந்த வகைக் கேமராவை ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள். பின்பக்கம் திறக்கும் பெரும்பாலான ரேஞ்ச்ஃபைண்டர்களுக்கும் இது சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

முதலில் பழைய பிலிம் உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிலிமை உருளைக்குள் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் குமிழை மெதுவாக அதன் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பினால், உள்ளே பிலிம் இருந்தால் சற்று நேரத்தில் இறுக்கம் தெரியும். தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தால் காலி. அதன் பிறகே அடிப்பக்கத்தில் இருக்கும் இரண்டு பூட்டுகளையும் திருப்ப வேண்டும். இந்தக் கேமராவில் பின்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே துண்டாகக் கழன்று வரும். கீல் கிடையாது. கழற்றிய துண்டை வைக்க மடியில் ஒரு துணி வேண்டும். அதோடு பிலிமை ஏற்கும் ஸ்பூலும் தனியாக வெளியே வந்துவிடும். மயிலாப்பூர் பறக்கும் ரயில் நிலையத்தின் நடைமேடையில் ஒருமுறை அது கழன்று உருண்டு தண்டவாளத்துப் பக்கம் போனது. விளிம்பில் ஒரு பள்ளிச் சிறுவன் காலால் தடுத்துக் கொடுத்தான். அந்த ஸ்பூல் போய்விட்டால் கேமரா இருந்தும் பயனில்லை. நின்றுகொண்டு பிலிம் போடாதீர்கள். உட்காருங்கள்.

அடுத்து ஸ்பூல். அதன் தண்டில் ஒரு மெல்லிய உலோகப் பற்று இருக்கும். கேமராவுக்கு வெளியிலேயே, ஸ்பூலைக் கையில் வைத்துக்கொண்டே, பிலிமின் நாக்கை அந்தப் பற்றுக்கு அடியில் நேராகச் செருக வேண்டும். நான் செய்த தவறு இங்கேதான். பிலிம் உருளையையும் ஸ்பூலையும் கேமராவுக்குள் வைத்துவிட்டு, விரல் நுனியால் நாக்கை உள்ளே தள்ளினேன். அது பற்றுக்கு அடியில் போகாமல் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. முதல் திருகலிலேயே நழுவிவிட்டது. இன்னொன்று: நாக்கு கோணலாக ஏறினால் பிலிம் ஸ்பூலின் ஒரு பக்கமாக ஏறிக்கொண்டே போய், பாதிச் சுருளில் துளைகள் கிழியும். "தாலிக் கயிறு கட்டுவதுபோல நிதானம் வேண்டும்" என்றார் பாய். செருகியபின் ஸ்பூலை விரலால் அரைச் சுற்று சுற்றி, லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால்தான் உள்ளே போகலாம்.

பிறகு உருளையையும் ஸ்பூலையும் இரு கைகளிலும் பிடித்து ஒரே சமயத்தில் இறக்க வேண்டும். பிலிமின் மங்கலான பக்கம் லென்ஸை நோக்கி, பளபளப்பான பக்கம் நம்மை நோக்கி. மேலேயும் கீழேயும் உள்ள பற்கள் துளைகளுக்குள் விழுந்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். ஒரு படத்துக்கு 8 துளைகள். இரண்டு துளைகளுக்கு இடையே 4.75 மில்லிமீட்டர், எட்டால் பெருக்கினால் 38. படத்தின் நீளம் 36, இடைவெளி 2. இந்தக் கணக்கைப் பாய் ஒரு பழைய சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினார். அதன் பிறகு பல்சக்கரம் எனக்கு வேறுவிதமாகத் தெரியத் தொடங்கியது. ஒவ்வொரு திருகலிலும் அது சரியாக எட்டுத் துளைகளைக் கடத்த வேண்டும். துளையில் பல் உட்காரவில்லை என்றால் அந்த ஒழுங்கு முழுவதும் போய்விடும்.

பின்பக்கத்தை மூடும் முன் ஒருமுறை ஷட்டரை அடித்து, ஒருமுறை திருகி, பிலிம் கண்ணெதிரே நகர்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு படத்துக்கான பிலிம் வீணாகும். போகட்டும். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். துணித்திரையில் மட்டும் விரல் படக் கூடாது.

மூடிய பிறகுதான் முக்கியமான கட்டம். ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருப்பி, உருளைக்குள் இருக்கும் தளர்ச்சியை எடுத்துவிட வேண்டும். இலேசான இறுக்கம் தெரிந்ததும் நிறுத்துங்கள். இப்போது மறுபக்கத்தில் படத்தை நகர்த்தும் குமிழைத் திருகிக்கொண்டே ரீவைண்ட் குமிழைப் பாருங்கள். அது தானாக, அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றினால், பிலிம் உருளையிலிருந்து வெளியே வருகிறது என்று பொருள். சுற்றாவிட்டால், கணக்கு வட்டு எதைக் காட்டினாலும் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வெற்றுப் படங்கள் அடித்த பிறகு வட்டைக் கையால் 0இல் வைக்க வேண்டும்; இந்தக் கேமராவில் அது தானாகத் திரும்பாது. பத்துப் படங்களுக்கு ஒருமுறையாவது குமிழை மீண்டும் பார்க்கிறேன். இப்போது அது பழக்கமாகிவிட்டது. சாலையைக் கடக்கும்போது வலப்பக்கம் பார்ப்பதுபோலக் கண் தானாகப் போகிறது.

அந்தப் பயிற்சிச் சுருளை வைத்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் பத்து முறை போட்டுக் கழற்றினேன். இரண்டாம் வாரம் கண்ணை மூடிக்கொண்டு. விரலுக்குத் தெரிந்துவிட்டால் கூட்டத்திலும் பதறாது. புதிய சுருளில் பழகக் கூடாது. இன்றைய விலைக்கு அது நியாயமும் இல்லை. பழைய ஸ்டூடியோக்களில் காலாவதியான பிலிம் ஒன்று கிடைக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அடிப்பக்கம் மட்டும் திறக்கும் பழைய கேமராக்கள் வேறு வகை. 1930களின் லைக்காவும் அதைப் பின்பற்றிய ஃபெட், முதல் சோர்க்கியும் அப்படி. அவற்றில் பிலிமைக் கீழிருந்து ஒரு குறுகிய சந்துக்குள் இறக்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் பிலிமின் நாக்கு அவற்றுக்குக் குட்டை. அப்படியே போட்டால் முழு அகலப் பிலிம் உள்ளே சிக்கிக் கிழிந்து, துணுக்குகள் ஷட்டருக்குள் போகும். நாக்கை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு, துளையின் நடுவே வெட்டுப்படாமல், கத்தரியால் வெட்டிக்கொள்ள வேண்டும். 1954இல் வந்த லைக்கா எம்3இல் பின்பக்கத்தில் ஒரு கதவு சேர்ந்தது. அதற்கு இந்த வெட்டு வேண்டாம். தொடங்குகிறவர்கள் அடிப்பக்கம் திறக்கும் கேமராவை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அழகான பொருள்தான். ஆனால் முதல் ஆறு மாதம் படம் வர வேண்டும். இல்லையென்றால் கை சோர்ந்துவிடும்.

சென்னைக்கே உரிய சில தொல்லைகளையும் சொல்ல வேண்டும். பிலிமைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் எடுத்தவுடன் டப்பியைத் திறக்கக் கூடாது. நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் அதன்மேல் வியர்க்கும். மூடியபடியே ஒரு மணி நேரமாவது வெளியே இருக்கட்டும். விரலில் வியர்வை இருந்தால் துடைத்துவிட்டுத் தொடுங்கள். ஏப்ரல் மதியத்தில் திறந்த வெளியில் நின்று பிலிம் போடவே கூடாது. உருளையின் வாயில் வெளிச்சத்தைத் தடுக்க ஒரு வெல்வெட் துணி இருக்கிறது. ஆனால் அந்த வெயிலை அதனிடம் விட்டுவைக்க வேண்டாம். மர நிழலோ கோயில் மண்டபமோ இல்லாவிட்டால், சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, உங்கள் நிழலிலேயே போடுங்கள்.

மெரினாவில் சூரியோதயம் எடுக்கப் போகிறவர்கள் இன்னொன்றை அறிந்திருக்க வேண்டும். நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. எல்லோரும் சூரியனுக்கு நேராகத்தான் நிற்கிறோம். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் இடையே ஒளியைத் திருப்பும் ஒரு கண்ணாடி இருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் அது இல்லை. லென்ஸ் வழியே வரும் வெயில் நேராகத் துணித்திரையில் குவியும், உருப்பெருக்கிக் கண்ணாடியால் தாளைச் சுடுவதுபோல. சூரியன் சற்று ஏறிய பிறகு கேமராவைத் தோளில் தொங்கவிட்டு, லென்ஸ் வானத்தைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தால் திரையில் ஊசித்துளை விழும். பிறகு எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி. அதனால் படம் எடுக்காத நேரத்தில் மூடி போட்டிருக்க வேண்டும். ஆனால் இந்த வகைக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூடி போட்டிருந்தாலும் காட்சி தெளிவாகவே தெரியும். மூடியைக் கழற்றி இடக்கையில் வைத்துக்கொண்டுதான் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். மூடி சட்டைப்பையில் இருந்தால்கூட ஏற்கமாட்டேன். கையில் இருக்க வேண்டும்.

தோல் உறையை வீட்டில் பயன்படுத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சித்தப்பாவின் லென்ஸில் ஓரமாகச் சிலந்தி வலைபோல அது இருந்தது; பாய் துடைத்துக் கொடுத்தார். இப்போது இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன்.

ஷட்டர் வேகத்தை மாற்றுவதாக இருந்தால், முதலில் குமிழைத் திருகி ஷட்டரை ஏற்றிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர்களில் இது கட்டாயம். ஏற்றாமல் மாற்றினால் உள்ளே பழுதாகக்கூடும்.

சுருள் முடிந்ததும் ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பிப் பல்சக்கரத்தை விடுவித்து, ரீவைண்ட் குமிழை நிதானமாகச் சுற்றுங்கள். கடைசியில் நாக்கு ஸ்பூலிலிருந்து விடுபடும்போது கையில் ஒரு சின்னத் துள்ளல் தெரியும், பிறகு தளர்ந்துவிடும். அந்தத் துள்ளலை உணராமல் பின்பக்கத்தைத் திறக்காதீர்கள். நடுவில் எங்கேயாவது இறுகினால் வலுவாகத் திருகவும் கூடாது, திறந்து பார்க்கவும் கூடாது. ஒருமுறை எனக்கு அப்படிப் பாதியில் கிழிந்தது. இரவு விளக்குகளை எல்லாம் அணைத்து, கதவிடுக்கில் துணி அடைத்து, போர்வைக்குள் உட்கார்ந்து கையாலேயே சுற்றி எடுத்து, வெளிச்சம் புகாத டப்பியில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டு படங்கள் தவிர மற்றவை பிழைத்தன.

அடுத்த ஆண்டு பங்குனியில் அம்மாவைக் கேட்டபோது முதலில் வேண்டாம் என்றார். பிறகு விழாவன்று காலை அவரே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். வீட்டு மேசையில் உட்கார்ந்து நான் பிலிம் போட்டுக்கொண்டிருந்தேன். மூடிவிட்டு, தளர்ச்சியை எடுத்துவிட்டுத் திருகினேன். அம்மா என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். ஓராண்டாக நான் புலம்பியதைக் கேட்டவர். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"சுற்றுகிறதா?"

"சுற்றுகிறது அம்மா."

"இன்னொரு தடவை திருகு. நான் பார்க்கிறேன்."

சுற்றியது. பாயிடம் கற்ற இன்னொரு வழக்கமும் எனக்கு உண்டு: கணக்கு 0இல் வைத்தபின் எடுக்கும் முதல் படம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி. எந்தச் சுருள் எந்த நாளில் தொடங்கியது என்பது நெகட்டிவிலேயே பதிந்துவிடும். ஆண்டுகள் கழித்துத் தேடும்போது குழப்பம் இருக்காது. அன்றைய தாளை அம்மா கிழித்துக்கொண்டிருந்தார். அவர் கை நகரும் முன் அழுத்திவிட்டேன். அந்தச் சுருளின் முதல் நெகட்டிவில் தேதியும், அதைப் பிடித்திருக்கும் அவருடைய மூன்று விரல்களும் இருக்கின்றன.